சுவர் மறித்தால் மின்கம்பி வழிவிடும்

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. முன்கட்டில் இருக்கும் வைஃபை, முற்றம் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் உயிரை விட்டுவிடும். சுவரைத் துளையிட மனம் வராத எங்கள் அத்தைக்குக் கைகொடுத்தது, வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் ஒரு ஜோடி பவர்லைன் அடாப்டர்.

வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதே கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அலைகளில் இந்த அடாப்டர் தகவலை ஏற்றி அனுப்புகிறது. ஒன்றை மோடத்துக்குப் பக்கத்தில் செருகி லேன் கேபிளால் இணைக்க வேண்டும், மற்றொன்று பின்கட்டில்.

முக்கியமானது, சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுவது. நாங்கள் முதலில் டிவி, செட்டாப் பாக்ஸ், கொசுவிரட்டி எல்லாம் தொங்கிய ஸ்பைக் பஸ்டரில் மாட்டினோம். சிவப்பு விளக்கு முறைத்துக்கொண்டே இருந்தது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வடிகட்டி, நம் அலைகளையும் மின் இரைச்சலோடு சேர்த்து வடித்துவிடுகிறது. பிடுங்கிச் சுவரில் போட்டதும் பச்சை.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடென்றால், இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும். மட்டமான செல்போன் சார்ஜரைப் பக்கத்துப் பிளக்கில் போடாதீர்கள், அதன் மின் இரைச்சல் வேகத்தைக் கெடுக்கும். அட்டைப்பெட்டியில் வேகம் 1000 Mbps என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம், கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான். அத்தைக்கு வீடியோ அழைப்பு தடையின்றிப் போகிறது, அது போதும்.

செருகியதும் இரண்டிலும் உள்ள ‘பேர்’ (Pair) பொத்தானை அழுத்திவிடுங்கள். ஒரே கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருந்தால் அலை அடுத்த வீட்டுக் கம்பிக்கும் கசியலாம். பொத்தானை அழுத்தினால் உங்கள் ஜோடிக்கென்று தனி மறையாக்கச் சாவி அமைந்துவிடும்.