சரக்கு இல்லாத நண்பர்கள் டூர்: மதுரையிலிருந்து இரண்டு நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

நண்பர்கள் சேர்ந்து வெளியூர் கிளம்பினால், "எங்கே போறோம்" என்று முடிவாவதற்கு முன்பே "யார் வாங்கிட்டு வர்றது" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சே இல்லாமல் ஒரு தடவை போய்வர மாட்டோமா என்று ஏங்குகிறவர் எல்லாக் கோஷ்டியிலும் ஒருவராவது இருக்கிறார். குடியை விட்டு சில மாதம் ஆனவர், பிடிக்காமல் சோடா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், கல்லீரலைக் காட்டி டாக்டர் எச்சரித்தவர். கூட்டத்தில் இவர்கள் வாய் திறப்பதில்லை. இந்த விளக்கம் அவர்களுக்காகவும், அவர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லாத நண்பர்களுக்காகவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கை எடுத்துவிட்டால் மட்டும் பயணம் நடந்துவிடாது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை உள்ள நேரம் வெறுமையாக நிற்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

1. முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள்

இடம், தேதி எல்லாம் முடிவான பிறகு "அப்புறம் மாப்ள, இந்தத் தடவ சரக்கு வேணாம்" என்று சொன்னால் சண்டைதான் வரும். தொடக்கத்திலேயே தெளிவாகப் போடுங்கள்: "மாப்ள, ரெண்டு நாள் கம்பம் பக்கம் போறோம். சரக்கு கிடையாது, ரூமுக்குள்ளயும் கிடையாது, வேன்லயும் கிடையாது. சம்மதம்னா பேரக் குடுங்க." இதில் காரணம் எதுவும் இல்லை, கவனித்தீர்களா? காரணம் சொல்லத் தொடங்கினால் விவாதம் ஆகிவிடும். குறிப்பாக, "அவன் விட்டுட்டான்ல, அவனுக்காக" என்று ஒருவர் பெயரை இழுக்கவே கூடாது. பயணம் முழுக்க அந்தப் பாரம் அவர் தலையில் விழும்.

சிலர் வரமாட்டார்கள். விடுங்கள், வருத்தப்படாதீர்கள். அடுத்த தடவை அவர்களே கேட்டு வருவதும் உண்டு.

2. ஆள் கணக்கு

ஆறிலிருந்து எட்டுப் பேர் நல்ல அளவு. பத்தைத் தாண்டினால் கூட்டம் இரண்டாகப் பிரியும். பிரிந்த பாதி "சும்மா ஒரு நடை" என்று கடைப்பக்கம் நடக்கும்.

தினமும் நிறையக் குடிக்கிற நண்பரை, "ரெண்டு நாள் இல்லாம இருந்தா சரியாயிடுவான்" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். பல காலம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாதது கண்ணுக்குத் தெரிகிற நிலைக்கும் சிலர் போவார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டியதை மலையடிவாரத்துத் தோட்டத்தில் வைத்து நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டர், பிறகு பயணம். யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

3. தேதி

பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை எனக்குப் பிடித்த காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. டிசம்பர் 31-ஐத் தொடவே வேண்டாம். குடியரசு தினம், காந்தி ஜெயந்தி என்று கடை மூடியிருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. வேண்டுமென்கிறவர் முந்தின நாளே வாங்கிவிடுவார். நம்முடைய பலம் முதல் படியில் பேசிய பேச்சுதான்.

4. இடம்

ராத்திரி தங்க இன்னும் தயக்கமாக இருந்தால் ஒரே நாளில் மதுரையைச் சுற்றியே போய்வாருங்கள். விடியும்போது கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கிருந்து கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. நின்று பார்க்கிறவர்களுக்கு அரை நாள் போய்விடும். அல்லது மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குடைவரைக் கோயிலும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் ஒரே ஊரில். சாயங்காலம் ஊர் திரும்பி விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. தூங்கா நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு ராத்திரியைக் கழிக்கவா சொல்லித் தர வேண்டும்?

இரண்டு நாள் என்றால் நான் கம்பம் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். கொடைக்கானல் அழகுதான், ஆனால் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், வார இறுதியில் மலைப்பாதையிலேயே நேரம் கரைந்துவிடும். சீசன் நேரத்துக் குற்றாலத்திலும் கூட்டம் அதிகம். பக்கத்து அறையில் யார் என்ன செய்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. கம்பம் வழி நிதானமானது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர் வழியாகப் போகும்போது வைகை அணைக்கும் ஒரு எட்டு போய் வரலாம். கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளி அருவி. சுற்றிலும் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை இது. நம் ஊர்க் கொடிப் பந்தலின் கீழே நின்று பழத்தைத் தின்பது ஒரு சுகம்.

5. வண்டியும் தங்குமிடமும்

எட்டுப் பேருக்கு மஞ்சள் போர்டு வேன் எடுங்கள். தெரிந்தவர் காரென்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் விபத்து நேரத்தில் காப்பீடு கைவிட்டுவிடக்கூடும். டிரைவர் அண்ணனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நம்ம வண்டியில சரக்கு கிடையாது." பெரும்பாலும் அவர் முகம் மலர்ந்துவிடும். வாந்தி கழுவ வேண்டாம், நடுராத்திரியில் கடை தேடி ஓட வேண்டாம். அவருக்கும் படுக்க ஒரு கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

பட்ஜெட் குறைவா? மதுரை–போடி ரயிலில் தேனியில் இறங்கிக்கொள்ளலாம். அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டு நின்றிருந்த பாதை இது. தேனி வரை 2022-லும், போடி வரை 2023-லும் திரும்ப ஓடத் தொடங்கியது. ஜன்னலோரம் ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது தூங்கிவிடாதீர்கள்.

தங்குவதற்கு லாட்ஜ் அறைகளைவிட முழுசாக ஒரு தோட்ட வீடு நல்லது. உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை: சமைக்க அடுப்பும் பெரிய பாத்திரமும் உண்டா, அசைவம் சமைக்கலாமா, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா, குடிதண்ணீர் எப்படி, அன்று வேறு கோஷ்டி வருகிறதா. ஆண்கள் கூட்டமாக வந்தால் தர மாட்டோம் என்கிற வீட்டுக்காரர்கள்கூட, "குடிக்கிற கோஷ்டி இல்லண்ணே, நாங்களே சமைச்சு சாப்பிடுவோம்" என்றால் இறங்கி வருவார்கள்.

6. ஆறு மணி முதல் பதினொன்று வரை

இங்கேதான் நிதானமாகத் திட்டம் போட வேண்டும்.

ஆறு மணிக்கு எல்லோருடைய கையிலும் வேலை இருக்க வேண்டும். அதற்குச் சமையலைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, அதிலும் கறிதோசை. மாவைத் தேனியில் வரும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் வெங்காயம் உரிக்கட்டும், ஒருவர் மிளகு சீரகம் இடிக்கட்டும், இரண்டு பேர் கொத்துக்கறியை வேகவைத்து நீர் வற்றப் பிரட்டட்டும். கல்லில் ஊத்தப்பம் மாதிரி தடிமனாக மாவு ஊற்றி, மேலே அடித்த முட்டை, அதன்மேல் கறியைப் பரப்பி, சுற்றி எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும் என்பதுதான் இதன் சிறப்பு. அடுப்பைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள், முதல் தோசையைப் பிய்த்துப் பங்கு போடுவார்கள், பேச்சு தானாக வரும்.

எட்டு மணிக்குள் வயிறு நிறைந்துவிட வேண்டும். குடியை விட்டவருக்குப் பசியும் அசதியும் சேர்ந்தால் அந்த ஆசை தலைதூக்கும். அதே காரணத்துக்காக மிக்சர், சோடா, ஐஸ் வாளி, கண்ணாடி கிளாஸ் என்று பழைய 'செட்' அப்படியே தரையில் விரிக்காதீர்கள். வறுவலை இலையில் சாப்பாட்டோடு வையுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதும் வேண்டாம். அந்த வாசனையும் கசப்புமே பழைய நினைப்பைக் கிளப்பப் போதும்.

ஒன்பது மணிக்கு ஜிகர்தண்டா. எட்டுப் பேருக்கான அளவு சொல்கிறேன். மதியம் போய்ச் சேர்ந்த கையோடு இரண்டு டேபிள்ஸ்பூன் பாதாம் பிசினைக் கழுவி, பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரத்தில் கண்ணாடிக் குழம்பாகப் பொங்கி நிற்கும். பாத்திரம் சின்னதாக இருந்தால் வழிந்துவிடும். இரண்டு லிட்டர் பாலை அடிபிடிக்காமல் கிளறி, ஒன்றேகால் லிட்டராகச் சுண்ட வைத்து, சர்க்கரை போட்டு, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இதை நாலு மணிக்கே ஆரம்பித்தால்தான் ஒன்பது மணிக்குச் சில்லென்று இருக்கும். பரிமாறும்போது டம்ளரில் பிசின், நன்னாரி சர்பத், பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கண்ணாடி கிளாஸ் வேண்டாம் என்றேனே, எவர்சில்வர் டம்ளரில் இன்னும் ஜில்லென்று இருக்கும்.

சளிபிடித்தவர்களுக்குச் சுக்கு காபி போடுங்கள். மார்ச்சுக்குப் பிறகு போகிறவர்கள் பதநீர் வாங்கலாம், ஆனால் காலையிலேயே, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதாகப் பார்த்து வாங்கி உடனே குடித்துவிடுங்கள். சுண்ணாம்பு இல்லாமல் வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும்.

அதன்பிறகு பத்து மணிக்கு மொட்டை மாடி. ஜனவரி, பிப்ரவரியில் தோட்டத்து இருட்டில் வானம் தெளிவாக இருக்கும். கொத்தாகத் தெரிவது கார்த்திகை, அதை அடுத்துச் சிவப்பாக ரோகிணி, இன்னும் கிழக்கே தள்ளி இன்னொரு சிவப்பு, திருவாதிரை. பாட்டுக்குப் பாட்டு, தாயம், கேரம், எது கூடுகிறதோ அது. சீட்டு என்றால் காசு வைக்காதீர்கள்.

தீ மூட்ட ஆசைப்பட்டால் வீட்டுக்காரரின் அனுமதியோடு, அவருடைய நிலத்தில், இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும். காட்டோரத்தில் கூடவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதே தேனி மாவட்டத்தில்தான்.

7. "ஒரே ஒரு பீர், மாப்ள"

யாராவது ஒருவர் கேட்பார். கோபப்படாதீர்கள், தத்துவமும் பேசாதீர்கள். "பேசித்தானே வந்தோம் பங்காளி, ஊருக்குப் போய் பாத்துக்க" என்று சொல்லி, கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பேச்சு அடங்கும். இதைச் சொல்ல வேண்டியவர் ஏற்பாடு செய்தவர்தான். குடியை விட்ட நண்பர் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். அவரை யாராவது வற்புறுத்தினால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் நிறுத்துங்கள்.

8. இரண்டாம் நாள்

யாருக்கும் தலைவலி இல்லாததால் விடியற்காலையில் கிளம்ப முடியும். சுருளியில் கூட்டம் சேர்வதற்கு முன் குளிக்கலாம். தண்ணீர் அதிகமானால் வனத்துறை குளிக்க விடாது, முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பாறைகளில் செருப்போடு கவனமாக நடங்கள். பழைய கோஷ்டிகள் விட்டுப்போன பாட்டில் துண்டுகள் கிடக்கும். ஒரு சாக்குப்பை எடுத்துப் போய் கண்ணில் பட்டதைப் பொறுக்கி வந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிச் சில்லு யானைக் காலையும் கிழிக்கும். பிறகு திராட்சைத் தோட்டம், மதியச் சாப்பாடு, திரும்பும் வழி.

9. கணக்கு

கிளம்புவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒரே தொகையை ஜிபேயில் வாங்கி ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். கலந்து போகிற பயணங்களில் குடிக்காதவரும் பில்லில் சமபங்கு கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அது நியாயமே இல்லை. இந்தப் பயணத்தில் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, சாப்பாடு, நுழைவுச் சீட்டு என்று எல்லாமே எல்லோருக்கும் பொதுவான செலவு, வகுத்துவிட்டால் முடிந்தது. ஆண்டிபட்டியில் டீ குடிக்க நிறுத்தும்போதே கணக்கைப் படித்துக் காட்டி மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மதுரைக்குள் நுழைந்துவிட்டால் காளவாசலில் ஒருவர், பெரியாரில் ஒருவர் என்று இறங்கிவிடுவார்கள், அப்புறம் யாரையும் பிடிக்க முடியாது.