தர்பூசணி ஐஸ் கல்லாகாமல் இருக்க

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் சித்திரை வெயிலுக்குத் தர்பூசணியை அரைத்து, பால் சேர்க்காத பழ ஐஸான சோர்பே செய்தேன். இனிக்கிற பழம்தானே என்று சர்க்கரையே போடவில்லை. மறுநாள் கரண்டி இறங்கவில்லை, பாறை மாதிரி இருந்தது.

தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது முழுக்க இறுகாமல் தடுப்பது சர்க்கரைதான். தண்ணீர் உறையும் வெப்பநிலையை அது இறக்கிவிடும். சரி என்று கட்டியை உருக்கினேன். 1 லிட்டர் சாற்றுக்கு 200 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் பாகாக்கி, நன்றாக ஆறவிட்டுக் கலந்தேன். எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தேன்.

அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளினேன். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், பனித்துகள் பெரிதாக வளராமல் இருப்பதே இதனால்தான். மூன்றரை மணி நேரத்தில் பூ மாதிரி வந்தது. அப்புறம் அம்மா சொல்லி, பனங்கற்கண்டுப் பாகிலும் செய்தேன். அந்த மணத்துக்கு வெறும் சர்க்கரை ஈடில்லை.