காஷ்மியர் சாக்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியும் துவைக்கிறதுக்கு முன்னாடியும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், லேபிள்ல 100% காஷ்மியர்னு இருந்தா அதுதான் பெஸ்ட்னு நெனச்சு காசக் கொட்டாதீங்க. ஸ்வெட்டருக்கு ஓகே, சாக்ஸ் கதை வேற. ஆட்டோட முரட்டு மேல்ரோமத்துக்கு அடியில குளிருக்காக வளர்ற பஞ்சு மாதிரி ரோமம்தான் காஷ்மியர், இழையோட தடிமன் சராசரியா 19 மைக்ரானுக்குள்ளதான் இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதான் அவ்ளோ மெத்துனு இருக்கு, அதனாலயேதான் குதிகால்லயும் கட்டைவிரல்லயும் சீக்கிரம் தேஞ்சு ஓட்டையும் விழுது. ஷூ போட்டு நடக்கணும்னா நைலான் 15-25% கலந்ததா பாருங்க. சுத்தமான காஷ்மியர் தூங்கும்போது போட்டுக்க, வீட்டுக்குள்ள சும்மா ஒக்காந்திருக்க, அவ்ளோதான் (வழவழ டைல்ஸ்ல வழுக்கும், ஜாக்கிரதை).

"காஷ்மியர் டச்", "காஷ்மியர் ஃபீல்"னு முன்னாடி பெருசா போட்டிருப்பாங்க, பின்னாடி திருப்பிப் பாத்தா முக்கால்வாசி அக்ரிலிக்ங்கற செயற்கை இழையா இருக்கும். சதவீதத்த மட்டும் நம்புங்க.

கடையில கைய உள்ள விட்டு விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க, சல்லடை மாதிரி தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. கட்டைவிரலால பத்து தடவ தேச்சுப் பாருங்க, உடனே பொசுபொசுன்னு பிசிறு கெளம்புனா உள்ள இருக்கறது குட்டை இழை, நாலு நாள்ல உருண்டை உருண்டையா திரண்டுடும்.

இப்ப துவைக்கிற விஷயம், இதுல நான் வாங்குன அடி பெருசு. ஒரு ஜோடிய டவலோட சேத்து சுடுதண்ணி செட்டிங்ல மெஷின்ல போட்டுட்டேன், வெளிய எடுத்தா ஒண்ணாங்கிளாஸ் பையன் சைஸுக்கு சுருங்கி அட்டை மாதிரி வெறச்சுப் போயிருக்கு. இழைமேல மீன் செதில் மாதிரி இருக்கும், சூட்டுலயும் உரசல்லயும் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கும், அப்பறம் இழுத்தாலும் பழையபடி வராது. இப்பல்லாம் கைதான். உள்பக்கத்த வெளிய திருப்பி, 30 டிகிரிக்குக் கீழ இருக்கற தண்ணில பேபி ஷாம்பூ ரெண்டு சொட்டு விட்டு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஊறவெச்சு அமுக்கி அமுக்கி எடுப்பேன், கசக்கவே மாட்டேன். என்சைம் போட்ட டிட்டர்ஜென்ட் வேணாம், முட்டைக் கறை ரத்தக் கறைய எடுக்கறதுக்காகவே புரோட்டீன அரிக்கிற என்சைம் அதுல சேப்பாங்க, ரோமமும் புரோட்டீன்தானே. ப்ளீச் பக்கமே போகாதீங்க. அலசுனப்பறம் பிழியாம டவல்ல வெச்சு பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி மேல ஏறி நில்லுங்க, தண்ணி டவலுக்குப் போயிடும். நெழல்ல படுக்கப்போட்டு காயவிடுங்க, கிளிப் போட்டுத் தொங்கவிட்டா ஈர வெயிட்டுக்கே நீண்டுடும்.

உருண்டை வந்தா கையால பிச்சு எடுக்காதீங்க, நல்ல இழையும் சேந்து வந்துடும், சின்ன கத்திரி போதும். அப்பறம் யாரும் சொல்லாத ஒண்ணு, கால்ல பித்தவெடிப்பு இருந்தா அதுல இழை மாட்டி மாட்டியே பிரிஞ்சுடும், மொதல்ல குதிகால கவனிங்க, நகத்தையும் வெட்டிக்கோங்க.

ரொம்ப நாள் எடுத்து வெக்கப்போறீங்கன்னா துவைச்சு நல்லா காயவெச்சுதான் வெக்கணும், அந்துப்பூச்சியோட புழுவுக்கு வேர்வை பட்ட ரோமம்னா விருந்து. பாச்சை உருண்டை போட்டா அந்த வாடை லேசுல போகாது, அதனால நான் இறுக்கமா மூடுற ஜிப் கவர்லதான் போட்டு வெக்கிறேன். ஜோடிய பந்தா சுருட்டாம ரெண்டா மடிச்சு வெச்சீங்கன்னா மேல்பட்டி லூசாகாம இருக்கும்.