சுவிசேஷம் சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்: அவசரமும் ஆலயத் தமிழும்

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கைப்பிரதியை நீட்டுகிறோம். அவர் இறங்கும் ஊர் வருவதற்குள் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சொல்லவில்லையென்றால் "இருதயம் கடினப்பட்டவர்" என்று அடுத்த இருக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம். நம்மிடம் உள்ள பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு அவசரத்திலிருந்து கிளைத்தவைதான்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் விதைக்கிறவன் உவமையை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். அதே அதிகாரத்தில் 26 முதல் 29 வரையுள்ள சின்ன உவமையைப் பலர் தாண்டிவிடுவார்கள். விதைத்தவன் தூங்கி எழுகிறான். அவனுக்கே தெரியாமல் பயிர் வளர்கிறது. முதலில் முளை, பிறகு கதிர், பிறகுதான் தானியம். முளையைப் பிடித்து இழுத்தால் கதிர் சீக்கிரம் வராது, வேர்தான் வெளியே வரும்.

வரலாறும் அப்படித்தான். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் வங்காளத்தில் இறங்கினார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கேரி ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்தார், வங்காள மொழி கற்றார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். பர்மாவுக்கு 1813இல் போன அமெரிக்க மிஷனரி ஜட்சனுக்கு முதல் விசுவாசி கிடைத்தது 1819இல். நம் பக்கத்திலேயே, வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அத்தனை வருஷமும் கிறிஸ்தவர்கள் நடுவிலேயே வேலை பார்த்து, கேட்டு, யோசித்துத்தான் வந்தார். பிற்பாடு கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கிய கவிஞர் அவர். பெயரில் இருந்த கிருஷ்ணனையும் அவர் கடைசிவரை விடவில்லை. புது விசுவாசிக்கு உடனே பெயரை மாற்றியாக வேண்டும் என்று நிற்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் காதுக்கு மட்டும் புரிகிற தமிழ்

கேரிக்கும் ஜட்சனுக்கும் மொழி தெரியாது, கற்றார்கள். நமக்கு மொழி தெரியும் என்கிற நினைப்பே நம்மைக் கவிழ்க்கிறது. சபைக்குள் பிறந்து வளர்ந்தவர் பேசுவது சபைக்கென்றே உள்ள ஒரு தமிழ். வெளியே அதன் அர்த்தமே வேறு.

"நீங்கள் பாவி" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குக் கேட்பது "அடப்பாவி" என்கிற வசவு. "பாவம்" என்று தனியாகச் சொன்னால் "ஐயோ பாவம்" என்கிற பரிதாபம். கொஞ்சம் சமயப் பழக்கம் உள்ளவருக்கோ பாவ புண்ணியக் கணக்கு நினைவுக்கு வரும்: பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், அன்னதானம் போட்டால் சரியாகிவிடும். மன்னிப்பு இலவசம் என்று நாம் சொல்வது அந்தக் கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் பொருந்தாது. அதனால் முதலில் சொல்லை விட்டுவிட்டுக் கதையைச் சொல்லுங்கள். லூக்கா 15இல் அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன் கதை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்கம் இல்லாமல் புரியும். சொத்தில் பாகம் கேட்கிற வலி இங்கே எல்லாருக்கும் தெரியும். வயதான அப்பா மகனை நோக்கி ஓடினார் என்ற இடத்தில் கேட்பவரே நிமிர்ந்து உட்காருவார்.

"மறுபடியும் பிறக்க வேண்டும்" என்றால் மறுஜென்மம் என்று கேட்கும். "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்" என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார். நாம் அவர் சம்மதித்துவிட்டதாக எழுதிக்கொள்வோம். இந்தப் பிறவியிலேயே உள்ளே நடக்கும் மாற்றம் என்று விளக்காமல் யோவான் 3ஐ எடுக்க வேண்டாம். "பரிசுத்த ஆவி உங்கள்மேல் இறங்கும்" என்பதும் ஆபத்தான வாக்கியம். ஊர்வழக்கில் ஆவி என்றால் பேய். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்பதை எபிரெயர் பலிமுறை தெரியாதவரிடம் சொன்னால் முகம் சுளிப்பார். "வேதம்" என்றால் பலருக்கு ரிக், யஜுர்தான். "பைபிள்" என்று சொன்னால் குழப்பமே இல்லை. மாறாக "அருள்" என்கிற சொல் சைவ, வைணவ வீடுகளில் ஊறியது. "கிருபை" தடுக்குகிற இடத்தில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சோதனை: உங்கள் சாட்சியை ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்து, ஆலயத்துக்கு வெளியே கேட்டிராத சொற்களை எண்ணுங்கள். பத்துக்கு மேல் வந்தால் திரும்பப் பேசிப் பாருங்கள். "ஸ்தோத்திரம்", "அல்லேலூயா" இரண்டும் நிறுத்தற்குறி மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் விழுகிறதா என்றும் பாருங்கள்.

தலையாட்டலை நம்புவது

முருகன், லட்சுமி படங்களுக்குப் பக்கத்தில் இயேசு படமோ வேளாங்கண்ணி மாதா படமோ வைத்திருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான், ஜெபம் பண்ணுங்க" என்று மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி தருவார்கள். இதை மனமாற்றம் என்று எண்ணி அறிக்கையில் சேர்ப்பது ஒரு தவறு. அந்த நிமிஷமே மற்றப் படங்களைக் கழற்றச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. அடுத்த முறை கதவு திறக்காது. அவர் கொடுத்தது உபசாரம். அதை உபசாரமாகவே ஏற்று, படிக்க ஒரு சுவிசேஷப் புத்தகம் தரலாமா என்று கேளுங்கள்.

தெய்வங்களைப் பழித்துப் பேசுவதற்கு வைராக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் அப்போஸ்தலர் 17ஐ மெதுவாக வாசிக்க வேண்டும். அத்தேனே பட்டணம் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு பவுலின் ஆவி வெகுண்டது உண்மை. ஆனால் வாய் திறந்தபோது "அறியப்படாத தேவனுக்கு" என்ற அவர்களுடைய பலிபீடத்திலிருந்தே தொடங்கினார், அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டினார். சிலர் கேலி செய்தார்கள், சிலர் "இன்னொரு தரம் கேட்போம்" என்றார்கள், சிலர் நம்பினார்கள். 19ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்து அதிகாரியே, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று கூட்டத்துக்குச் சொல்கிறார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ்ச் சுவடிகளைத் தேடித்தேடிச் சேர்த்துத் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியில் இருந்த அவருடைய மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை, 1867இல்தான் அச்சேறியது. தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாதது பக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது: ஒருவர் எதை நம்புகிறார் என்று தெரியாமல் அவரிடம் பேச ஆரம்பிக்க முடியாது.

பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். "அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்பது தோல்வி அல்ல. திரும்பப் போவதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் போக வேண்டும்.

பேரம், அரிசி, சான்றிதழ்

"ஜெபித்தால் வேலை கிடைக்கும், சர்க்கரை இறங்கும்" என்று நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். ஜெபிக்கலாம், முடிவை நாம் எழுதித் தர முடியாது. நடக்காதபோது அவர் விட்டுவிடுவது நம்மை அல்ல, கிறிஸ்துவை. மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று சொல்லி, அதைக் கேட்டு ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் அது கொலைக்குச் சமம். இதில் நயமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

வெள்ளத்துக்கோ வறுமைக்கோ உதவினால், அரிசிப் பைக்குள் கைப்பிரதியைச் செருகாதீர்கள். கை நீட்டி வாங்குகிறவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரம் அந்த நேரத்தில் கிடையாது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆசை காட்டுவதும் பயமுறுத்துவதும் சட்டத்துக்கு முன்பே வேதத்துக்கு விரோதம்.

இதோடு சேர்ந்த ஒன்றைப் பலர் மறைக்கிறார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால், 1950ஆம் ஆண்டு ஆணையின்படி அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை எல்லாம் அதில் தொங்குகிறது. இந்து திருமணச் சட்டத்தில் துணைவரின் மதமாற்றம் விவாகரத்துக்கு ஒரு காரணமாகவும் இருக்கிறது. இதையெல்லாம் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவரே கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரே வரி: இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி கூடாது, பகலிலும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் தேவையில்லை.

வந்தவரை வாட விடுவது

விசுவாசித்த மூன்றாம் வாரமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்போம். கைதட்டல் கிடைக்கும், அடுத்த கூட்டத்தில் கதை கொஞ்சம் பெரிதாகும். 1 தீமோத்தேயு 3:6 புதிதாக வந்தவனைக் கண்காணிப்புப் பொறுப்பில் வைக்காதே என்று எச்சரிப்பது இறுமாப்புக்குப் பயந்துதான். அந்த எச்சரிக்கை மேடைக்கும் பொருந்தும். ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து கேட்க விடுங்கள்.

பொட்டு, பூ, நகை விஷயத்தில் சபைக்குச் சபை வழக்கம் வேறு. முதல் ஞாயிறே குங்குமத்தை அழிக்கச் சொன்னால், சுமங்கலியாக இருக்கும் பெண்ணுக்கும் அவள் மாமியாருக்கும் அது எதைக் குறிக்கும் என்று யோசித்தீர்களா?

முழு பைபிளைக் கையில் கொடுத்து "ஆதியாகமத்திலிருந்து படிங்க" என்றால் யாத்திராகமத்தின் பாதியில், ஆசரிப்புக் கூடாரத்து அளவுகளில் திணறி, லேவியராகமத்தில் நின்றுவிடுவார். மாற்குவில் தொடங்குங்கள்: 16 அதிகாரம், வாரத்துக்கு இரண்டு, எட்டு வாரம். ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்றே கேள்வி: இதில் இயேசு என்ன செய்தார், உங்களுக்கு எது புரியவில்லை, இந்த வாரம் எதைச் செய்து பார்ப்பீர்கள். பழைய திருப்புதலின், அதாவது சபைகளில் வழக்கமாக வாசிக்கிற பழைய தமிழ் பைபிளின், நடை கடினமாக இருந்தால் எளிய நடை மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். மனப்பாடத்துக்குப் பழையதை வைத்துக்கொள்ளலாம். பிறகு புதிய ஏற்பாடு முழுவதும்: 260 அதிகாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க.

ஒற்றை வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை மட்டும் வைத்து வளர முடியாது. அது ஊறுகாய், சோறு இல்லை. யூடியூபில் நாளுக்கு மூன்று பிரசங்கம் கேட்பவர் வேதத்தைத் தாமாகத் திறப்பது குறைந்துபோவதும் உண்டு. இது சுவிசேஷம் சொல்கிறவருக்கும்தான். தாம் வாசிக்காமல் பிறருக்குச் சொல்கிறவர் ஆறு மாதத்தில் பழைய கதைகளையே சுற்றிவருவார்; கேட்பவர் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

ஜெபத்துக்கு ஐந்து பெயர் போதும், ஐம்பது வேண்டாம். ஐந்து பேரென்றால் யாருடைய மகளுக்குத் தேர்வு, யாருக்கு முழங்கால் வலி என்று நினைவிருக்கும்.

கடைசியாக, வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசியாவது இங்கே அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் மனைவி. பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் அவளுக்குச் சொல்வது, போதனையின்றி நடக்கையால் ஆதாயப்படுத்து என்பது. நாம் அதற்கு நேர்மாறாக ஞாயிறு ஆராதனை, செவ்வாய் பெண்கள் ஐக்கியம், வெள்ளி உபவாசக் கூட்டம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம் என்று அவளை வீட்டிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். கணவன் கண்ணில் கிறிஸ்து என்றால் அடுப்பு எரியாத வீடு. முதல் ஆறு மாதத்துக்கு ஞாயிறு காலை ஆராதனை மட்டும் போதும். முடிந்ததும் போதகரைப் பார்க்க வரிசையில் நிறுத்தாமல், மதியச் சமையலுக்குள் வீடு போய்ச் சேர விடுங்கள்.