சம்பள வேலையிலிருந்து முழுநேர ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்: படிப்படியாக

சென்ற வாரம் நான் கேமராவைக் கையில் எடுத்தது மொத்தம் ஒன்றரை நாள். மற்ற நாட்கள் எங்கே போயின என்று டைரியைப் புரட்டிப் பார்த்தேன். படங்களைப் பொறுக்கி எடிட் செய்ததில் இரண்டு நாள் போயிருந்தது. இரண்டு கொட்டேஷன், வராத பணத்தைக் கேட்டு ஒரு ஃபோன், கணக்கு எழுதியது, ஒரு கட்டடத்தின் முகப்பில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று நேரில் போய்ப் பார்த்தது, இவற்றில் இன்னொரு ஒன்றரை நாள்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது, ஆனால் சுருக்கமாக. ஒருவரின் பிழைப்பு ஓடுமா, இரண்டாம் வருடமே நின்றுபோகுமா என்பது விலையிலும் எழுத்தில் போடும் ஒப்பந்தத்திலும்தான் முடிவாகிறது. அதனால் 4, 5 ஆகிய படிகளை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கேமராவைக் கையாளத் தெரியும், வெளிச்சத்தைப் பார்க்கத் தெரியும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: பணம் யார் கொடுப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள்

திருமணமா, பொருட்களா, கட்டடங்களா, குழந்தைகளா என்று யோசிப்பதற்கு முன், பணம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசியுங்கள். ஒன்று, தங்களுக்காகப் படம் எடுக்கச் சொல்லும் தனிமனிதர்கள். இன்னொன்று, வியாபாரத்துக்காக எடுக்கச் சொல்லும் நிறுவனங்கள். இரண்டும் வெவ்வேறு வாழ்க்கை.

திருமணம், குடும்பப் படங்கள் போன்றவற்றில் அட்வான்ஸ் முன்கூட்டியே வந்துவிடும். ஆனால் வேலை விடுமுறை நாட்களில்தான் இருக்கும், சீசன் முடிந்தால் ஃபோன் அடிக்காது, ஒருமுறை வந்தவர் பல வருடம் திரும்பி வரமாட்டார். நிறுவன வேலைகள் வாரநாட்களில் நடக்கும். ஒரு வாடிக்கையாளரே வருடத்துக்கு ஆறு முறை கூப்பிடலாம். ஆனால் பணம் பில் கொடுத்து 30 நாள், 60 நாள் கழித்துத்தான் வரும்.

ஒரு பக்கத்தை முக்கியத் தொழிலாகவும், இன்னொரு பக்கத்திலிருந்து ஒரே ஒரு வேலையைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். திருமணம் எடுப்பவருக்கு வாரநாட்களில் பொருட்களைப் படம் எடுக்கும் வேலை நன்றாகப் பொருந்தும். "எல்லாம் எடுப்பேன்" என்று சொல்பவரை, வேறு ஆள் கிடைக்காதபோதுதான் கூப்பிடுவார்கள்.

படி 2: இருபது படங்கள்

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படத் தொகுப்புக்கு, இருபது படம் போதும். எந்த வேலை வேண்டுமோ அந்தப் படங்களை மட்டும் வையுங்கள். நகைகளைப் படம் எடுக்கும் வேலை வேண்டுமென்றால், நீங்கள் மலையேறி எடுத்த சூரிய உதயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அங்கே வேண்டாம். பார்ப்பவர் உங்கள் சிறந்த படத்தைப் பார்த்து மகிழ்வார். மோசமான படத்தைப் பார்த்து முடிவெடுப்பார்.

இன்னும் யாரும் வேலை தரவில்லையா? நீங்களே உங்களுக்கு ஒரு வேலை கொடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தச்சரின் பட்டறையில் ஒரு நாள் உட்காருங்கள்: முகம், கைகள், கருவிகள், முடிந்த நாற்காலி, பட்டறையின் முழுத் தோற்றம் என்று ஒரு தொகுப்பாக எடுங்கள். ஒரே ஒரு அருமையான படத்தை அதிர்ஷ்டத்தில் யாரும் எடுத்துவிடலாம். காசு கொடுப்பவருக்கு நாள் முழுக்க ஒரே தரத்தில் எடுப்பீர்களா என்றுதான் தெரிய வேண்டும். அந்தச் சந்தேகம் தொகுப்பைப் பார்த்தால்தான் தீரும்.

விவியன் மேயர் என்ற பெண், பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போனபோதுதான் அந்த நெகட்டிவ்கள் வெளியே வந்தன. அவர் 2009-ல் இறந்துவிட்டார். புகழ் அதன் பிறகுதான் வந்தது. அவருக்குப் படத்தை விற்கும் எண்ணமே இருக்கவில்லை என்று தோன்றுகிறது, அது அவர் விருப்பம். உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால் படங்களைக் காட்டியே ஆக வேண்டும்.

படி 3: கருவிகள் (சுருக்கமாக)

இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஒரு கேமரா. தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு லென்ஸ். ஒரு ஃப்ளாஷ். தேவைக்கு மேல் இரண்டு பேட்டரி. மற்றதை வாடகைக்கு எடுங்கள், வாடகையை பில்லில் சேருங்கள். ஒரே கருவியை ஒரு வருடத்தில் ஐந்தாறு முறை வாடகைக்கு எடுத்திருந்தால், அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மெகாபிக்சலுக்காகக் கடன் வாங்காதீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பெரும்பாலும் 6000-க்கு 4000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது 20 அங்குல அகலம், 13 அங்குல உயரத்துக்கு வரும். ஆல்பத்துக்கும் பத்திரிகைப் பக்கத்துக்கும் அது தாராளம். மிச்சமாகும் பணத்தில் கருவிகளுக்குக் காப்பீடு எடுங்கள். திருமணம் போன்ற, திரும்ப நடக்காத நிகழ்ச்சிகளுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது கேமரா கட்டாயம், வாடகைக்காவது.

படி 4: உங்கள் ஒரு நாளின் விலை

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மற்றவர் வாங்குவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்கள். அந்த மற்றவருக்குச் சொந்த வீடு இருக்கலாம், மனைவிக்குச் சம்பளம் வரலாம். அவருடைய கணக்கு உங்களுக்கு உதவாது. ஒரு தாளை எடுத்து உங்கள் கணக்கைப் போடுங்கள்.

உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 பங்கு. தொழில் செலவுகள், அதாவது கருவித் தேய்மானம், எடிட்டிங் சாஃப்ட்வேர் சந்தா, காப்பீடு, ஹார்டு டிஸ்க், பயணம், ஒரு 3 பங்கு. வரிக்கும் சேமிப்புக்கும் இன்னொரு 3 பங்கு. மொத்தம் 18. இவை உதாரணத்துக்கு, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நாட்கள். 365-ல் வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு என்று 104 போனால் 261. காய்ச்சல், வீட்டு விசேஷம், பண்டிகை என்று 21 போனால் 240. இதில் பாதி எடிட்டிங்குக்கும் அலுவலக வேலைக்கும் போய்விடும், ஆக 120. முதல் வருடத்தில் இந்த 120 நாளுக்கும் ஆர்டர் வராது. பாதி வந்தாலே நல்ல வருடம். 60 நாள்.

18-ஐ 60-ஆல் வகுத்தால் 0.3. ஒரு முழு நாள் படப்பிடிப்புக்கு, வீட்டின் மாதச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாங்க வேண்டும். இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது எனக்கே பேராசைக்காரன் போலத் தோன்றியது.

சரி, கொஞ்சம் அடக்கமாக, பத்தில் ஒரு பங்கு மட்டும் வாங்கினால்? 18 பங்கு சேர 180 நாள் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு நாள் எடிட்டிங்கும் மற்ற வேலையும் இருக்கிறதே. 360 நாள். ஓய்வுக்கு வருடத்தில் ஐந்து நாள் மிஞ்சும். குறைந்த விலையில் தொடங்கிய பல நல்ல கலைஞர்கள் மூன்றாம் வருடம் ஏன் சோர்ந்துபோய் கேமராவை விற்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு பெருக்கலே பதில்.

தேய்மானத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு ஆயுள் உண்டு. 2 லட்சம் முறை என்று சொல்லப்படும் ஷட்டரில், ஒரு திருமணத்துக்கு 2000 படம் எடுத்தால் நூறு திருமணம். ஒவ்வொரு திருமணத்திலும் கேமராவின் நூறில் ஒரு பாகத்தைத் தேய்த்துவிட்டு வருகிறீர்கள்.

வாடிக்கையாளரிடம் மணிக் கணக்கில் விலை சொல்லாதீர்கள். "இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்பார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணில் படுவது அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான். படப்பிடிப்பு, எடிட் செய்த இத்தனை படங்கள், இன்ன பயன்பாடு, இன்ன தேதிக்குள் டெலிவரி என்று முழு வேலையாகச் சொல்லி, ஒரே தொகையைக் கேளுங்கள். குறைக்கச் சொன்னால் வேலையைக் குறைத்துக் கொடுங்கள்: 40 படத்துக்குப் பதில் 25. அதே வேலைக்கு விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று ஆகிவிடும்.

படி 5: எழுத்தில் வாங்குங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நிறுவனத்துக்கு வலைத்தளத்தில் போட 12 படங்கள் எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அவற்றில் ஒன்று நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் நின்றது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, வண்டியை நிறுத்தி அதைப் படம்கூட எடுத்தேன்! வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: விளம்பரப் பலகைக்கென்றால் பல மடங்கு கேட்டிருப்பேன். ஃபோன் செய்தேன். "படத்துக்குத்தான் பணம் கொடுத்துவிட்டோமே" என்றார்கள். என் பில்லில் இருந்தது "பொருட்களைப் படம் எடுத்தது, 12" என்ற ஒரே வரி. சண்டை போட என்னிடம் ஒன்றுமில்லை.

ஒரு படம் கைமாறும்போது இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: படத்தின் பிரதி, படத்தின் பதிப்புரிமை. பிரதியைக் கொடுத்தால் உரிமையும் தானாகப் போய்விடுவதில்லை. பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை 1886-ல் உருவானது. அதன் 1908-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உறுப்பு நாடுகளில் பதிவு செய்யாமலே பதிப்புரிமை பிறக்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை யாருக்கு என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்று சொல்லும் சட்டங்களும் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் ஒரே ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

இது புதிய சண்டையும் அல்ல. 1947-ல் ராபர்ட் காப்பா, ஆன்றி கார்த்தியே-பிரெசோன் போன்ற போட்டோகிராபர்கள் சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், படங்களின் உரிமை பத்திரிகைகளிடம் போகாமல் எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது. போர்க்களத்தில் குண்டுக்கு நடுவே படம் எடுத்தவர்களுக்கே இந்தக் கவலை இருந்திருக்கிறது.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை படம், எப்போது டெலிவரி, மொத்தத் தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, ரத்து செய்தால் என்ன, எத்தனை முறை திருத்தம். அப்புறம் மிக முக்கியமானது, பயன்பாடு: எதில், எவ்வளவு காலம், எந்தப் பகுதியில். "நிறுவனத்தின் வலைத்தளம், சமூக ஊடகப் பக்கங்கள், இரண்டு ஆண்டு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த விளம்பரப் பலகை எனக்கு இன்னொரு பில்லாக மாறியிருக்கும். விளம்பரத்தில் மனித முகம் வந்தால் அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதலும் வேண்டும். அதை அன்றே, அதே இடத்தில் வாங்குங்கள்; ஒரு மாதம் கழித்துத் தேடிப்போக முடியாது.

அட்வான்ஸ் வராமல் தேதியை ஒதுக்காதீர்கள். நண்பரின் நண்பராக இருந்தாலும்.

படி 6: எடுத்ததைத் தொலைக்காதீர்கள்

படம் கொஞ்சம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், தொலைந்தால் மன்னிக்கமாட்டார்கள். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி கேமராவை அமையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் நகலெடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில்: பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் பரப்பிய 3-2-1 கணக்கு இது. இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் ஒரே பையில் வைத்துவிட்டு "பேக்கப் இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பை திருடு போனால் இரண்டும்தானே போகும்? டெலிவரி முடியும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.

படி 7: வேலை வரும் வழி

எனக்கு வரும் பெரும்பாலான வேலை, ஏற்கெனவே வேலை கொடுத்த ஒருவர் மூலமாகத்தான் வருகிறது. அதனால் முதல் பத்து வாடிக்கையாளர்களைப் பிடிப்பதுதான் கடினம். ஃபோனில் உள்ள எண்களைப் பார்த்து, படம் தேவைப்படக்கூடிய முப்பது பேரைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவருடைய தொழிலோடு சேர்த்து நான்கு வரி எழுதி, மூன்று படங்களை இணைத்து அனுப்புங்கள். ஒரே செய்தியை முப்பது பேருக்கும் தட்டிவிட்டால் யாரும் பதில் போடமாட்டார்கள்.

இன்னொரு வழி, மூத்த போட்டோகிராபர்களுக்கு இரண்டாவது ஆளாகப் போவது. சம்பளம் குறைவுதான். ஆனால் மழை வந்தால் என்ன செய்கிறார், கோபமாக இருக்கும் ஒரு மாமாவை எப்படிச் சிரிக்க வைக்கிறார் என்பதை வேறு எங்கேயும் பார்க்க முடியாது. அவரால் போக முடியாத தேதிகள் பிறகு உங்களிடம் வரும். அவருடைய வாடிக்கையாளரிடம் உங்கள் அட்டையை நீட்டாதவரை.

சமூக ஊடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே கைதட்டுபவர்கள் பெரும்பாலும் மற்ற போட்டோகிராபர்கள்தான் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 8: வேலையை விடும் நாள்

ஆறு பங்கு, அதாவது ஆறு மாத வீட்டுச் செலவு, தொழில் கணக்கில் சேராமல் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதமாவது, விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்தே மாதச் செலவில் பாதி வந்திருக்க வேண்டும். உறவினர் அல்லாத ஐந்து பேராவது நீங்கள் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். சீசன் முடியும்போது வேலையை விடாதீர்கள். அடுத்த சீசனுக்கான அட்வான்ஸ் வரத் தொடங்கும் மாதத்தில் விடுங்கள்.

அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டாம். உங்கள் வேலையின் நேர்த்தியையும், சொன்ன நேரத்துக்கு வருவீர்கள் என்பதையும் அறிந்த ஒரே நிறுவனம் இப்போதைக்கு அதுதான். கடைசி நாளில், வலைத்தளத்தில் இருக்கும் ஊழியர் படங்கள் எப்போது எடுத்தவை என்று மனிதவளப் பிரிவில் கேட்டுவிட்டு வாருங்கள். முழுநேரமாக வந்த பிறகு நான் எழுதிய முதல் பில் என் பழைய அலுவலகத்தின் பெயரில்தான் போனது: 42 பேரின் முகப்படங்கள், ஒரே நாளில். என் பழைய மேலாளர் கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.