குறுக்கெழுத்துல மிருகங்களுக்கு க்ளூ எழுதுறது எப்படி

சிங்கத்துக்கு "காட்டு ராஜா", ஒட்டகத்துக்கு "பாலைவனக் கப்பல்"னு க்ளூ குடுத்தீங்கன்னா, படிச்சு முடிக்கிறதுக்குள்ள விடையை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. சின்னப் பசங்களுக்குன்னா அது போதும், பெரியவங்களுக்குப் போடுறதா இருந்தா கொஞ்சம் திருகணும். தமிழ்ல அதுக்கு நல்ல வசதி இருக்கு, நிறைய மிருகத்தோட பேரு வேற ஏதோ ஒரு சாதாரண வார்த்தையாவும் இருக்கும்.

பெண் யானை பிடி, பெண் மான் பிணை, ஆண் மான் கலை. அதனால "கோர்ட்ல கேட்டா கிடைக்கலாம், காட்டுல பார்த்தா ஓடிடும் (2)"னு போட்டா பிணை (அடைப்புக்குள்ள இருக்குற எண், விடையில எத்தனை எழுத்துன்னு சொல்லுது). "முயற்சி பண்ணச் சொல்ற பிராணி (3)" முயல். "வள்ளுவருக்குச் செல்வம், நமக்குப் பால் (2)"னா மாடு, "மாடல்ல மற்றை யவை"ங்கிற 400வது குறள் ஞாபகம் வந்தவங்க சிரிச்சுக்கிட்டே எழுதுவாங்க.

அடுத்தது உடைச்சு ஒட்டுறது. எனக்கு ரொம்பப் பிடிச்சது, "யானையும் எமனும் சேர்ந்த சோழன் (5)". கரின்னா யானை, காலன்னா எமன், கரிகாலன். ஒளிச்சு வைக்கிறதும் நல்லா இருக்கும்: "நிலாவுக்குள்ள பதுங்கின மிருகம் (2)"னா அம்புலிக்குள்ள புலி. "பிரிட்டன் ராணி தலையில ஏறி உக்காந்தது (2)"ன்னா எலிசபெத்தோட முதல் ரெண்டு எழுத்து, எலி.

சத்தத்தை வச்சும் எழுதலாம், யானை பிளிறும், மயில் அகவும், குதிரை கனைக்கும், ஆனா அது ஸ்கூல் புக் வாசனை அடிக்கும், ஒரு புதிருக்கு ஒண்ணு போதும். குட்டிங்க பேரு அப்படி இல்ல, தொல்காப்பியம் மரபியல்லயே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவின்னு 9 பேரு வரிசையா இருக்கு. மறி ரெண்டெழுத்து, பறழ் மூணெழுத்து, மூலையில சின்ன இடம் மிஞ்சினா கை குடுக்கும்.

கட்டத்துல உக்கார வைக்கிறதுதான் தலைவலி. புள்ளி வச்ச எழுத்துக்கும் ஒரு கட்டம்ங்கிறதால சிங்கம் 4, காண்டாமிருகம் 7, ஒட்டகச்சிவிங்கி 9. தமிழ்ல மெய்யெழுத்துல வார்த்தை ஆரம்பிக்காது, அதனால சிங்கத்தோட "ங்"ல இருந்து கீழ ஒரு வார்த்தை தொடங்க முடியவே முடியாது, அந்தக் கட்டத்தை முடிஞ்சவரை குறுக்க எதுவும் வராம விட்டுடுங்க. யானையில வர்ற "னை"யும் முதல் எழுத்தா வராது, மேல இருந்து பானை, தென்னைன்னு எதையாவது இறக்கி அதுல முடிச்சுடலாம்.

கடைசியா ஒரு க்ளூவுக்கு ரெண்டு விடை வருதான்னு பாருங்க. வெறும் "யானை (2)"ன்னா கரியும் சரி, பிடியும் சரி. "பெண் யானை (2)"ன்னு போட்டா சண்டைக்கு யாரும் வர மாட்டாங்க, இல்லாட்டி முதல் எழுத்து "க"வா "பி"யான்னு குறுக்க வர்ற வார்த்தையே காட்டிக் குடுக்குற மாதிரி கட்டத்தை மாத்துங்க.