டெரஸ் வீட்டுப் பின்பக்கப் பாதை, ஷெட்: பக்கத்து வீட்டாரோடு தீர்த்துக்கொள்வது எப்படி

இங்கிலாந்தில் பழைய டெரஸ் வீடு, அதாவது ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு, வாங்கும் நம்மவர்கள் சமையலறையை அளந்து பார்ப்பார்கள், ஆனால் பின்பக்கம் யார் தோட்டத்தின் வழியாக யார் நடக்கலாம் என்று கேட்க மாட்டார்கள். வரிசைக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குக் கொண்டுபோக அடுத்தவர் தோட்டத்தை விட்டால் வேறு வழி இல்லை. தோட்டக் கோடியில் விக்டோரியா காலத்தில் சேர்த்துக் கட்டிய நிலக்கரி அறையும் கழிப்பறையும் இன்று ஷெட்டாக நிற்கும்: கூரை ஒன்று, நடுச்சுவர் ஒன்று, சொந்தக்காரர்கள் இருவர்.

வாயைத் திறக்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். நிலப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்திலேயே டைட்டில் ரெஜிஸ்டரும் (சொத்தின் உரிமைப் பதிவேடு) டைட்டில் பிளானும் (அதன் வரைபடம்) கிடைக்கும், ஒவ்வொன்றும் 7 பவுண்ட், இடைத்தரகர் தளங்களுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மட்டும் வாங்கினால் போதாது, அடுத்த வீட்டுக்கும் வாங்குங்கள், ஏனென்றால் உங்களுக்குள்ள வழி உரிமை அவர்கள் பதிவில் சுமையாக எழுதப்பட்டிருக்கலாம். பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பதிவேடு சுட்டினால் அதன் நகலையும் கேளுங்கள், பாதையின் அகலமும் பழுதுபார்க்கும் செலவுப் பங்கும் அநேகமாக அதில்தான் இருக்கும். பிளானில் உள்ள சிவப்புக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டும், அதன்மேல் ஸ்கேல் வைத்து ஷெட் சுவர் யாருடையது என்று சாதிக்க முடியாது. இடதுபக்க வேலி எப்போதும் நம்முடையது என்பதும் வெறும் பேச்சு, அப்படி ஒரு சட்டமே இல்லை.

காகிதத்தில் ஒன்றும் இல்லையென்றால்? 20 வருடம் இடைவிடாமல், ஒளிக்காமல், வலுக்கட்டாயம் இல்லாமல், யாரிடமும் அனுமதி பெறாமல் அந்த வழியில் நடந்திருந்தால் உரிமை கோரலாம், முந்தைய சொந்தக்காரர்கள் நடந்த வருடங்களும் சேரும். இங்கே அனுமதிதான் எல்லாவற்றையும் மாற்றும். உங்கள் தோட்டத்தில் அடுத்தவர் நடப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது நிரந்தர உரிமையாகிவிடக் கூடாது என்றால், இது நான் தரும் அனுமதி என்று ஆரம்பத்திலேயே தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அன்பாகவே எழுதலாம்.

ஷெட் விஷயம் வேறு. பத்து வருடமாக நம் சாமான்தான் கிடக்கிறது, அதனால் நமக்கே என்று நம்பி இருக்காதீர்கள்: பதிவான நிலத்தில் அப்படி விண்ணப்பித்தால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி சொந்தக்காரருக்கு அறிவிக்கும், அவர் எதிர்த்தால் உங்கள் விண்ணப்பம் பெரும்பாலும் தோற்றுப்போகும். நடுச்சுவரில் கை வைப்பதானால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய நெளிகூரை என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், தயவுசெய்து நீங்களே உடைக்காதீர்கள்.

அப்புறம் நேரில் போய்ப் பேசுங்கள். வழி உரிமை உள்ள பாதையில் கேட் போடலாம், பூட்டினால் சாவி கொடுக்க வேண்டும். நடக்கும் உரிமை இருக்கிறது என்பதற்காக அங்கே சைக்கிளை நிறுத்திவைக்க முடியாது. இப்படிச் சின்னச் சின்னதாக முடித்துக்கொண்டே வந்தால் பெரியது தானாக இளகும். கோபக் கடிதம் மட்டும் வேண்டாம், வீட்டை விற்கும்போது விற்பவர் சொத்து விவரம் எழுதித் தரும் டிஏ6 (TA6) படிவத்தில் தகராறுகளைச் சொல்லியே ஆக வேண்டும், வாங்க வருபவர் பயந்து ஓடுவார்.

வாய்ப்பேச்சு உங்கள் இருவரோடு நின்றுவிடும், அடுத்து வாங்குபவரைக் கட்டாது. ஆகவே ஒத்துக்கொண்டதை சொலிசிட்டர் மூலம் பத்திரமாக்கி இரண்டு வீட்டுப் பதிவிலும் ஏற்றுங்கள், அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படலாம். பேச்சு முறிந்தால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்தரிடம் போங்கள், அந்தத் துண்டு நிலத்தின் விலையை வழக்குச் செலவு சுலபமாகத் தாண்டிவிடும். வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவுக்கும் கவர் இருக்கிறதா என்று சொலிசிட்டரை அமர்த்தும் முன்பே பாருங்கள், முன்கூட்டிச் சொல்லாத செலவைக் காப்புறுதி நிறுவனம் தராமல் போகலாம். இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான், ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.